ஓடு, ஓட்டு, ரன்: ஓர் ஆங்கில வினைச்சொல்லோடு பழகுவது

ரயில் நிலையத்தில் 'இஸ் ரன்னிங் லேட் பை டூ அவர்ஸ்' என்று ஒலிபெருக்கி சொல்லும் நேரத்தில், அந்த ரயில் பெரும்பாலும் எங்கேயோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருக்கும். நிற்கிற ரயிலுக்கும் 'ரன்னிங்'தான். கேட்டுக் கேட்டுப் பழகியதால் அது நமக்கு வித்தியாசமாகத் தெரிவதில்லை. ஆனால் பள்ளியிலிருந்து 'யுவர் சன் இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்று மெசேஜ் வந்தால், ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கூட ஒரு நொடி தயங்குவார். 'ரன்' என்றால் ஓடு என்றுதானே படித்தோம், பையனுக்குக் காய்ச்சல் என்பதில் ஓட்டம் எங்கே வந்தது?

'ரன்' சின்னச் சொல். ஒன்றாம் வகுப்பிலேயே படம் போட்டுக் கற்றுத் தருவார்கள். அகராதிக்காரர்களுக்கோ அது பெரிய தலைவலி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தும் பணியில் இந்த ஒரு சொல்லோடு மட்டும் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் போராடினார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் என்று கணக்கு வந்ததாக 2011இல் செய்திகள் வந்தன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் நீண்ட பதிவு என்ற பெயர் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது.

645 என்றதும் பயப்பட வேண்டாம். அவற்றில் பல பழைய இலக்கியத்திலும் கப்பல்காரர் பேச்சிலும் மட்டும் கிடப்பவை. அன்றாடத்துக்கு வேண்டியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் பொருள் பொருளாக மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. 'ரன்' எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பழகுவதே வழி. ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957இல் எழுதியதும் இதுதான்: ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தமிழிலும் இதே கதைதான். காய்ச்சல் அடிக்கும், பசி எடுக்கும், வேர்வை கொட்டும், கொட்டாவி வரும். காய்ச்சல் ஏன் அடிக்கிறது, பசி ஏன் எடுக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படித்தான் சொல்வோம். தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் 'காய்ச்சல் எடுக்கிறது' என்றால் நமக்குப் புரியும், காதில்தான் உறுத்தும். இப்படிப் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட ஜோடிகளைச் சொற்சேர்க்கை என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'காலொகேஷன்'.

முதலில் வடிவங்களைப் பார்த்துவிடலாம். நிகழ்காலத்தில் 'ரன்', 'அவன், அவள், அது' என்றால் 'ரன்ஸ்', இறந்தகாலத்தில் 'ரேன்'. இதன் சரியான உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'பேங்க்' என்பதில் வாய் அகல்கிற மாதிரி சொல்லுங்கள், மழைக்கான 'ரெய்ன்' ஆகிவிடக் கூடாது. 'ஹேவ், ஹேஸ், ஹேட்' என்ற துணைவினைகளுக்குப் பின்னால் மறுபடியும் 'ரன்'தான் வரும். 'வி ஹேவ் ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்பது தவறு. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்பதே சரி. நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் மாற்றிச் சொல்வதுண்டு. ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

நம் 'ஓடு' என்ற சொல்லும் கால்களோடு நின்றுவிடுவதில்லை. பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காதலர்கள் ஓடிப்போகிறார்கள். இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும். அதனால் தமிழருக்கு இந்தச் சொல்லில் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாயிற்று.

'த பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்.' பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது. வழக்கத்தைச் சொல்வதால் இங்கே 'ரன்ஸ்'. 'இஸ் ரன்னிங்' என்றால் இப்போதைய நிலவரம். 'த பஸஸ் ஆர் ரன்னிங் டுடே' என்றால், பந்த் என்றார்கள், ஆனாலும் இன்று பஸ் ஓடுகிறது என்ற தொனி வரும்.

'திஸ் பம்ப் ரன்ஸ் ஆன் டீசல்.' இந்த பம்பு டீசலில் ஓடுகிறது. தமிழில் 'டீசலில்' என்று சொல்வதால் கை தானாக 'இன்' போடும். போடாதீர்கள். எரிபொருளோ பேட்டரியோ கரண்ட்டோ, எதுவானாலும் 'ரன்ஸ் ஆன்'.

'த ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்.' இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

திரவங்களுக்கும் 'ரன்' வரும். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் 'த டேப் இஸ் ரன்னிங்'. மூக்கு ஒழுகினால் 'மை நோஸ் இஸ் ரன்னிங்'. இங்கே தமிழ் 'ஒழுகு' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது, ஆங்கிலம் அதே 'ரன்'னை வைத்து ஒப்பேற்றுகிறது. உண்மையில் ஒழுகுதல், பாய்தல் எல்லாம் இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்கள். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு 'ரின்னன்' இன்றைக்கும் ஒழுகுதல், வழிதல் என்ற பொருளில்தான் இருக்கிறது.

துணிக்கடையில் 'வில் த கலர் ரன்?' என்று கேட்டால், சாயம் போகுமா என்று பொருள். நம் ஆட்கள் 'வில் த கலர் கோ?' என்பார்கள். கடைக்காரருக்குப் புரியும், வெளிநாட்டுக்காரர் கொஞ்சம் யோசிப்பார். சுங்குடிச் சேலையைத் துவைப்பது பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் 'ரன்' என்று எழுதுங்கள். சாயம் நீரோடு ஓடி அடுத்த துணியில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் வயிற்றுப்போக்கு என்பதை அங்கே வயிற்றோட்டம் என்பார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அது 'த ரன்ஸ்'. 'ஹி ஹேஸ் த ரன்ஸ்' என்று நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். டாக்டரிடமோ விடுப்புக் கடிதத்திலோ வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'லூஸ் மோஷன்' இந்தியாவைத் தாண்டினால் அவ்வளவாகப் புழங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சாலைக்கும் சுவருக்கும் வேலிக்கும் வரும் 'ரன்' கொஞ்சம் வேறு. 'த ரோட் ரன்ஸ் அலாங் த கோஸ்ட்': சாலை கடலோரமாகவே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சாலை 'போகிறது', ஆங்கிலத்தில் 'ரன்ஸ்'. சாலை நகராது, அதனால் இந்தப் பொருளில் 'இஸ் ரன்னிங்' என்று எழுதவே கூடாது.

தமிழ் காலை வாரும் இடங்கள்

'இந்த மாடல் இப்ப நல்லா ஓடுது' என்று கடைக்காரர் சொல்வதை 'திஸ் மாடல் இஸ் ரன்னிங் வெல்' என்று மாற்றினால், அந்த வண்டியின் எஞ்சின் நன்றாக வேலை செய்கிறது என்று ஆகிவிடும். அவர் சொல்ல வந்தது விற்பனை. அதற்கு 'திஸ் மாடல் இஸ் செல்லிங் வெல்'.

'எப்படி ஓடுது வாழ்க்கை?' என்பதற்கு 'ஹௌ ஆர் திங்ஸ் கோயிங்?'. இங்கே 'ரன்' வராது. 'கடை நல்லா ஓடுது' என்பதற்கு 'த ஷாப் இஸ் டூயிங் வெல்'. தேர்வில் உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணுமே ஓடலை' என்று தவிப்பதை 'நத்திங் இஸ் ரன்னிங்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. 'மை மைண்ட் வென்ட் பிளாங்க்' என்பார்கள்.

இதற்கு விதி ஏதாவது உண்டா என்றால், நேரான விதி இல்லை. தமிழ் 'ஓடு' நன்றாக நடப்பதையும், சரக்கு விலைபோவதையும், மூளை வேலை செய்வதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலம் அவற்றை வேறு வினைகளிடம் கொடுத்துவிட்டது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஓட்டு என்ற பாதி

அடிப்படையாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

தமிழில் தானாக நடப்பதற்கு ஒரு வினை, நடக்கச் செய்வதற்கு இன்னொரு வினை: ஓடு, ஓட்டு. உருள், உருட்டு. ஆடு, ஆட்டு. திரும்பு, திருப்பு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது. இன்றைய ஆங்கிலத்தில் 'ரன்' இரண்டு வேலையையும் ஒரே உருவத்தில் செய்கிறது. 'த மோட்டார் ரன்ஸ்' என்றால் மோட்டார் ஓடுகிறது. 'ஷீ ரன்ஸ் த மோட்டார்' என்றால் அவள் மோட்டாரை ஓடவிடுகிறாள்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே இரண்டு இருந்தன. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு 'இர்னன்', ஓடவைப்பதற்கும் குதிரையேறி விரைவதற்கும் 'ஏர்னன்'. நாளாக ஆக இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. ஜெர்மனில் இன்னும் 'ரின்னன்', 'ரென்னன்' என்று இரண்டு உருவங்கள் நிற்கின்றன. ஆனால் அங்கே பிறவினையாகப் பிறந்த 'ரென்னன்' இப்போது வெறுமனே ஓடு என்றே பொருள்படுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழைய முறையின் மிச்சமும் உண்டு: 'சிட்' உட்கார், 'செட்' உட்காரவை, 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'ரன்' அந்தக் கூட்டத்திலிருந்து விலகிப்போன ஆள்.

ஆகையால் 'ரன்'னைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அதற்குப் பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா? இல்லையென்றால் ஓடு பக்கம் யோசியுங்கள். இருந்தால் ஓட்டு, நடத்து பக்கம் யோசியுங்கள். 'ஹி ரன்ஸ்' ஓட்டப்பந்தயக்காரன். 'ஹி ரன்ஸ் எ மெஸ்' மெஸ் நடத்துகிறவர்.

ஆனால் 'ஓட்டு' என்றதும் எல்லோரும் வண்டியைத்தான் நினைப்போம். அந்த இடத்தில்தான் 'ரன்' வராது. கார் ஓட்டுவது 'டிரைவ்'. பைக், சைக்கிள், குதிரை எல்லாம் 'ரைட்'. விமானம் 'ஃப்ளை'. துடுப்புப் படகு 'ரோ', பாய்மரம் என்றால் 'செயில்'. 'ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கார் வைத்துப் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறார். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் என்று ஆகும் செலவுக்கு 'ரன்னிங் காஸ்ட்' என்று பெயர்.

'நடத்து' என்ற பொருளில் கடை, ஹோட்டல், பள்ளி, பண்ணை, கோர்ஸ், முகாம், அலுவலகம் எல்லாவற்றோடும் 'ரன்' சேரும். சொந்தக்காரர் வேறு, நடத்துபவர் வேறு என்பதைப் பிரித்துக் காட்டவும் இது உதவும். 'ஹிஸ் அங்கிள் ஓன்ஸ் த ஹோட்டல், பட் ஹி ரன்ஸ் இட்': ஹோட்டல் மாமாவுடையது, ஆனால் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் இவர். ஆனால் கல்யாணம் நடத்துவதற்கு 'ரன்' வராது. விழா, கூட்டம், தேர்வு போல ஒரு நாளில் நடந்து முடியும் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் 'ஹோல்ட்'. குடும்பம் நடத்துவது 'ரன் எ ஹவுஸ்ஹோல்ட்'. 'ரன் எ ஃபேமிலி' என்று இந்தியர்கள்தான் அதிகம் சொல்கிறோம். ஏதோ குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சலிப்போடு சொல்வதற்கு 'ஜஸ்ட் மேக்கிங் எண்ட்ஸ் மீட்' என்பது பொருத்தம்.

பார்வையை ஓட்டுவது மட்டும் இரண்டு மொழியிலும் அப்படியே இருக்கிறது. 'ஷீ ரேன் ஹர் ஐஸ் ஓவர் த லெட்டர்': கடிதத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். விரலுக்கும் இதே அமைப்புதான். குழந்தையின் தலைமுடியைக் கோதினாள் என்பதை 'ஷீ ரேன் ஹர் ஃபிங்கர்ஸ் த்ரூ த சைல்ட்ஸ் ஹேர்' என்று சொல்லலாம்.

இனி, 'ரன்' என்ற வினையோடு ஒட்டிக்கொண்ட சில பெயர்ச்சொற்கள். 'ரன் எ டெம்பரேச்சர்', 'ரன் எ ஃபீவர்' இரண்டும் காய்ச்சல்தான். ஆள்தான் எழுவாய். பெரும்பாலும் 'இஸ் ரன்னிங்' என்ற வடிவத்தில் வரும். காய்ச்சலுக்கு வருகிறதே என்று சளிக்கும் தலைவலிக்கும் நீட்டாதீர்கள். 'ரன் எ கோல்ட்' என்று ஒன்று கிடையாது. 'ரன் எ டெஸ்ட்' பரிசோதனை செய்வது: 'த டாக்டர் ரேன் சம் டெஸ்ட்ஸ்'. 'ரன் எ ப்ரோகிராம்' பற்றிச் சொல்லவே வேண்டாம், 'ரன் பண்ணிப் பாரு' என்பது தமிழே ஆகிவிட்டது. 'ரன் எ ஸ்டோரி', 'ரன் அன் ஆட்' பத்திரிகை சம்பந்தப்பட்டவை. நாம் செய்தி 'போடுவோம்', அவர்கள் 'ரன்' செய்வார்கள். 'ரன் அன் எரண்ட்' என்றால் மருந்து வாங்க, கரண்ட் பில் கட்ட, கொரியர் போட என்று சின்னச் சின்ன வேலைக்காக வெளியே போய் வருவது.

'ரன் எ ரிஸ்க்' கொஞ்சம் நுணுக்கம். தமிழில் ரிஸ்க் 'எடுக்கிறோம்', ஆங்கிலத்திலும் 'டேக் எ ரிஸ்க்' இருக்கிறது. தெரிந்தே துணிந்து இறங்கினால் 'டேக்'. கெட்டது நேரும் வாய்ப்புக்கு ஆளாகிறோம் என்றால் 'ரன் த ரிஸ்க் ஆஃப்'. 'இஃப் யூ புக் லேட், யூ ரன் த ரிஸ்க் ஆஃப் நாட் கெட்டிங் எ பெர்த்.' தாமதமாகப் பதிவு செய்தால் பெர்த் கிடைக்காமல் போகலாம். 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் 'இங்' வடிவம் வருவதைக் கவனியுங்கள்.

தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள். கமலா ஹாரிஸ் 2024இல் 'ரேன் ஃபார் பிரெசிடென்ட்'. பிரிட்டனில் 'ஸ்டாண்ட்'. நாமும் நிற்கத்தான் செய்கிறோம். இந்தியப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'கன்டெஸ்ட்' என்று எழுதும்.

தீர்ந்து போவது

அரிசி குறைகிறது, பற்றாக்குறை ஆகிறது, தீர்ந்துவிட்டது. இந்த மூன்று படிக்கும் 'ரன்' வரும்: 'ரன் லோ', 'ரன் ஷார்ட்', 'ரன் அவுட்'.

'வி ஆர் ரன்னிங் லோ ஆன் ரைஸ்': டப்பாவில் அடியில் கிடக்கிறது. 'வி ஆர் ரன்னிங் ஷார்ட் ஆஃப் ரைஸ்': வேண்டிய அளவுக்குப் போதாது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்': ஒரு மணிகூட இல்லை. 'லோ' என்றால் 'ஆன்'. 'ஷார்ட்', 'அவுட்' இரண்டுக்கும் 'ஆஃப்'. பேச்சில் முதல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு, அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும்.

அதில் எழுவாய் இரண்டு விதமாக வரும். ஆள் எழுவாய் என்றால் 'ஆஃப்' வேண்டும்: 'வி ரேன் அவுட் ஆஃப் டைம்'. தீர்ந்த பொருளே எழுவாய் என்றால் 'ஆஃப்' வரக்கூடாது: 'டைம் ரேன் அவுட்'. 'த ரைஸ் ரேன் அவுட் ஆஃப்' என்று எழுதினால் வாக்கியம் பாதியில் தொங்கும். தமிழில் 'எங்களிடம் அரிசி தீர்ந்துவிட்டது' என்று அரிசியைத்தான் எழுவாயாக வைப்போம், ஆளை எழுவாயாக வைக்கும் வழக்கம் இல்லை. ஆங்கிலத்திலோ ஆளை வைத்துச் சொல்வதே அதிகம். அதனால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப்' என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவது நல்லது. பொறுமைகூட இப்படித்தான் தீரும்: 'ஐ ஆம் ரன்னிங் அவுட் ஆஃப் பேஷன்ஸ்'.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது, உலகம் முழுக்க ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொற்கள் அடிபட்டன. நகரம் எழுவாய் என்றால் 'ரன் அவுட் ஆஃப் வாட்டர்', ஏரி எழுவாய் என்றால் 'ரன் ட்ரை'. கிணறு, குழாய், ஆறு, ஏரி எது வற்றினாலும் 'ரன் ட்ரை'.

இப்படிப் பெயரடையோடு சேரும் 'ரன்' இன்னும் சில உண்டு. 'ரன் லேட்' முதலிலேயே பார்த்தோம், மனிதருக்கும் அது பொருந்தும். 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்று மெசேஜ் அனுப்புகிறவர் இன்னும் வீட்டில் சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கலாம். கட்டுப்பாடு இல்லாமல் திரிவது 'ரன் வைல்ட்'. உணர்ச்சி கொந்தளித்தால் 'ஃபீலிங்ஸ் ரேன் ஹை'.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

'ரன் இன்டு' என்றால் மோதுவது. கார் மரத்தில் மோதினால் 'ரேன் இன்டு எ ட்ரீ'. ஆனால் 'ஐ ரேன் இன்டு மை ஓல்ட் டீச்சர்' என்றால் யாருக்கும் அடிபடவில்லை. எதிர்பாராமல் சந்தித்தேன் என்றுதான் பொருள். பிரச்சினையையும் இப்படிச் சந்திக்கலாம்: 'வி ரேன் இன்டு ட்ரபிள்'. அடிபட்டதைச் சொல்ல வேண்டுமானால் 'ரன் ஓவர்': 'த டாக் வாஸ் ரன் ஓவர் பை எ லாரி'. ஆசிரியரைச் சந்தித்ததைச் சொல்லும்போது 'இன்டு', 'ஓவர்' இரண்டையும் மாற்றிவிட்டால் போலீஸ் வரும்.

'ரன் டவுன்' மூன்று விதம். பேட்டரி இறங்குவது. ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது. அப்புறம் ஓய்வில்லாமல் துவண்டுபோவது: 'ஐ ஃபீல் ரன் டவுன்'. 'ரன் அப்' கடனோடும் பில்லோடும் சேரும்: 'ஹி ரேன் அப் எ ஹியூஜ் பில்', பெரிய பில் ஏற்றி வைத்துவிட்டார். 'ரன் த்ரூ' ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பார்ப்பது. அலுவலகத்தில் தினமும் காதில் விழுவது 'லெட் மி ரன் இட் பை மை மேனேஜர்': மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். இதில் 'இட்' எப்போதும் நடுவில்தான் வரும்.

'டயபடீஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது. நோய் மட்டுமல்ல, பாட்டு, கோபம், வழுக்கை எல்லாமே 'ரன் இன் த ஃபேமிலி' ஆகலாம். இங்கே 'ரன்ஸ்'தான், 'ரன்னிங்' கூடாது.

கிரிக்கெட்

நம்மில் பலர் இந்தச் சொல்லை முதலில் கேட்டதே மைதானத்தில்தான். அங்கே அது பெயர்ச்சொல். தமிழில் ஐம்பது ரன் 'எடுத்தான்' என்போம். ஆங்கிலத்தில் 'டுக் ஃபிஃப்டி ரன்ஸ்' என்று எழுதினால் ஒட்டாது, 'ஸ்கோர்ட்' அல்லது 'மேட்' வேண்டும். ஒற்றை ரன்னுக்காக ஓடுவதற்கு மட்டும் 'டேக் எ சிங்கிள்' உண்டு.

'ரன் அவுட்' ஆவது செயப்பாட்டுவினை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், மான்செஸ்டரில், மார்ட்டின் கப்டிலின் த்ரோ நேராக ஸ்டம்பில் பட்டதே, அதை ஆங்கிலத்தில் 'தோனி வாஸ் ரன் அவுட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'வாஸ் ரேன் அவுட்' தவறு. 'தோனி ரேன் அவுட்' என்றால் அவர் எங்கிருந்தோ வெளியே ஓடிவந்தார் என்று ஆகிவிடும். கப்டிலை எழுவாயாக வைத்தால் 'கப்டில் ரேன் ஹிம் அவுட்'. ஓடியவர் தோனி, 'ரேன்' என்ற வினையோ கப்டிலுடையது. ஓடு, ஓட்டு கலந்த சொல் என்று மேலே சொன்னதற்கு இது நல்ல சாட்சி.

நோட்டில் எப்படிக் குறிப்பது

'ரன் = ஓடு, நடத்து, தீர்' என்று வரிசையாக எழுதி வைக்காதீர்கள். பொருளைத் தனியாக எழுதினால், பேசும்போது எதோடு எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் நாக்கு நின்றுவிடும். முழுத் துண்டாக எழுதுங்கள்: 'ரன் அவுட் ஆஃப் சம்திங்', 'ரன் எ ஷாப்', 'ரன் இட் பை சம்ஒன்'. பக்கத்தில் உங்கள் வீட்டையோ வேலையையோ வைத்து ஒரு சொந்த வாக்கியம். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள், அங்கேதான் கூட்டாளிகள் இருப்பார்கள். ஒரே நாளில் இருபது சேர்க்கைகளை விழுங்கப் பார்க்க வேண்டாம். 'இன்டு', 'ஓவர்', 'அவுட்', 'டவுன்' நான்கையும் சேர்த்துப் படித்தால் நான்கும் குழம்பும் என்பது என் எண்ணம். ஒன்று வாயில் படிந்தபிறகு அடுத்தது.

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடை கூடவே இருக்கிறது, கையால் மறைத்துக்கொள்ளலாம்.

இந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது.
'திஸ் பஸ் டஸ் நாட் ரன் ஆன் சண்டேஸ்.' வழக்கம் என்பதால் 'இஸ் நாட் ரன்னிங்' வேண்டாம்.

கேஸ் தீரப்போகிறது.
'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் கேஸ்.' 'வி ஆர் ரன்னிங் லோ ஆன் கேஸ்' என்றாலும் சரி.

நேற்று மார்க்கெட்டில் பழைய சிநேகிதியைப் பார்த்தேன்.
'ஐ ரேன் இன்டு அன் ஓல்ட் ஃப்ரெண்ட் அட் த மார்க்கெட் எஸ்டர்டே.' 'ரேன் இன்டு' என்பதற்குப் பதில் 'சா' (பார்த்தேன்) போட்டாலும் தவறில்லை. தற்செயலாகப் பார்த்தது மட்டும் அதில் வராது.

அக்கா டியூஷன் சென்டர் நடத்துகிறாள், நன்றாக ஓடுகிறது.
'மை சிஸ்டர் ரன்ஸ் எ டியூஷன் சென்டர், அண்ட் இட் இஸ் டூயிங் வெல்.' இரண்டாவது பாதியிலும் 'ரன்' போட்டிருந்தால், தமிழ் காலை வாரும் இடங்களை இன்னொரு தடவை படியுங்கள்.

பையனுக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க மூக்கு ஒழுகியது.
'மை சன் இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர், அண்ட் ஹிஸ் நோஸ் ரேன் ஆல் நைட்.' காய்ச்சல் இன்னும் இருக்கிறது, அதனால் 'இஸ் ரன்னிங்'. மூக்கு ராத்திரியோடு நின்றுவிட்டது, அதனால் 'ரேன்'. இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தால் 'ஹேஸ் பீன் ரன்னிங் ஆல் நைட்'.